எதிர்வீட்டுக்காரர் சொன்ன தூரம்

பூதமுடிக்கு வருகிறவர்கள் பனி எப்போது விலகும் என்று காத்திருப்பார்கள். நான் அது எப்போது வரும் என்று காத்திருந்தேன். என் நேரம், ஐப்பசி பிறந்தும் வானம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி பளிச்சென்று இருந்தது. எஸ்டேட் விருந்தினர் விடுதியின் சமையல்காரர் தினமும் காலையில் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, இன்றைக்கும் வெயில்தான் என்று துக்க வீட்டில் பேசுகிற குரலில் சொல்லிக் காபியை வைத்துவிட்டுப் போவார்.

என் பெயர் வசுமதி. லேசரால் தூரம் அளக்கிற கருவிகள் மழையிலும் பனியிலும் புழுதியிலும் எவ்வளவு பொய் சொல்லும் என்று கண்டுபிடிப்பது என் தொழில். உருப்படியாக வேறு வேலை கிடைக்கவில்லையா என்று என் அம்மா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். ஆடி மாதம் பூதமுடியில் மலை சரிந்து மூன்றாம் லைன் வீடுகளை வாரிக்கொண்டு போனதை விசாரிக்க ஒரு குழு போட்டார்கள். அதில் நான் ஐந்தாவது ஆள். மற்ற நால்வரும் ஒரு நல்ல நாளில் வந்தார்கள், சரிவைப் பார்த்தார்கள், மதியம் பிரியாணி சாப்பிட்டார்கள், அறிக்கை தயார் என்றார்கள். நான் மட்டும் கையெழுத்துப் போடாமல் தங்கிவிட்டேன்.

நடந்தது இதுதான். பூதமுடியின் மேற்குச் சரிவில் தேயிலைத் தொழிலாளர்களின் லைன் வீடுகள். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், வீடுகளுக்கு நேர் எதிரே, ஒரு பெரிய பாறை. பாறையின்மேல் ஒரு கருவி. வீட்டுச் சுவர்களிலும் சரிவின் கற்களிலும் உள்ளங்கை அளவுக் கண்ணாடிகளைப் பதித்திருந்தார்கள். கருவி ஒரு துளி ஒளியை அனுப்பும், கண்ணாடி அதை வந்த வழியே திருப்பி அனுப்பும், போய்வர எடுத்த நேரத்தைத் தூரமாக மாற்றிக்கொள்ளும். மலை நகர்ந்தால் தூரம் மாறும். ஒரு விரற்கடை மாறினாலே மேலே பள்ளிக்கூடக் கூரையில் இருக்கும் அபாயச் சங்கு ஊதும். சங்கு ஊதினால் எல்லோரும் படியேறிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும், அது கெட்டிப் பாறையில் கட்டியது.

இந்தக் காலத்துக் கருவி என்பதால் கேட்டால் வாய்திறந்து பதிலும் சொல்லும். இரவும் பகலும் இவர்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்ததால் மக்கள் அதற்கு எதிர்வீட்டுக்காரர் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

எதிர்வீட்டுக்காரருக்கு ஒரு குறை. மலை சரிவது மழையில். அவருக்குக் கண் தெரியாமல் போவதும் மழையில்தான். பனிமூட்டத்தில் வண்டியின் ஹெட்லைட்டை உயர்த்திப் போட்டுப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. எதிரே சாலை தெரியாது, வெள்ளைச் சுவர்தான் தெரியும். லேசருக்கும் அதே கதிதான். போகிற ஒளியில் கொஞ்சத்தை ஒவ்வொரு நீர்த்துளியும் சிதறடிக்கும், மிச்சம் கண்ணாடியைத் தொட்டுத் திரும்புவதற்குள் ஒன்றும் இருக்காது. முதலில் வைத்த ஏற்பாட்டில், ஒளி திரும்பி வரவில்லை என்றால் கருவி "தெரியவில்லை" என்று சொல்லும், தெரியாதபோது ஆபத்து என்றே எடுத்துக்கொண்டு சங்கு ஊதும். ஏட்டில் இது நல்ல ஏற்பாடு. ஆனால் பூதமுடியில் ஆனி முதல் கார்த்திகை வரை மழை.

சங்கு ஊதிக்கொண்டே இருந்தது. பிள்ளைகளையும் சோற்றுப் பானையையும் தூக்கிக்கொண்டு, கோழிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு மக்கள் படியேறினார்கள். பள்ளிக்கூடத்தில் ஈரத்தோடு உட்கார்ந்துவிட்டு மழை விட்டதும் இறங்கினார்கள். வீடு வைத்த இடத்திலேயே இருக்கும். எதிர்வீட்டுக்காரருக்குப் புரை விழுந்துவிட்டது என்று சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுபோனது. எட்டு மாதக் கர்ப்பிணி வேலம்மாள் பாசி பிடித்த படியில் வழுக்கி விழுந்தாள். அவள் பிழைத்தாள், குழந்தை தங்கவில்லை.

மறுநாள் ஒரு ஆள்கூட இலை பறிக்கப் போகவில்லை. எல்லோரும் எஸ்டேட் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். முன்னால் நின்றது முத்துப்பேச்சி. பறிக்கிற பெண்களுக்கு மேஸ்திரி அவள், அவள் சொன்னால் மறுபேச்சு கிடையாது. வெறும் மழைக்கெல்லாம் சங்கு ஊதக்கூடாது, மலை நகர்ந்தால் மட்டும் ஊது என்றாள். வயிற்றுப்பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டின் முன்னால் நின்றுகொண்டு அது தப்பு என்று யார் சொல்ல முடியும்?

கருவியைப் போட்ட கம்பெனி பிரிட்டோ என்ற பொறியாளரை அனுப்பியது. அவர் எதிர்வீட்டுக்காரருக்கு ஊகிக்கக் கற்றுக்கொடுத்தார். ஒளி திரும்பவில்லை என்றால் பழைய அளவுகளையும் மழையின் கனத்தையும் மண்ணின் ஈரத்தையும் வைத்து, கண்ணாடி எங்கே இருக்க வேண்டும் என்று அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். கம்பெனி இதற்கு மழைக்கழிப்பு என்று பெயர் சூட்டி விழா எடுத்தது. பிரிட்டோ மனசாட்சி உள்ளவர், ஒரு விளக்கு வைத்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். பாறையின்மேல் பச்சை எரிந்தால் பார்த்து அளந்தது என்று அர்த்தம். மஞ்சள் எரிந்தால் ஊகம். மஞ்சளென்றால் வீட்டில் இருப்பவர்கள் மேலே போய்விடுவது நல்லது. மழையைக் கண்டதும் போன் சிக்னல் ஓடிவிடுகிற மலையில் விளக்குதான் நம்பகமானது என்று எல்லோருக்கும் பட்டது.

தினமும் காலையில் வேலைக்கு வந்தவர்களைப் பேர் கூப்பிட்டு மஸ்டர் எடுக்கும்போது முத்துப்பேச்சி எதிர்ப்பக்கம் பார்த்து நிறத்தைச் சொல்வாள். லைன் வாசல்களில் நிற்கிறவர்கள் அதைக் கேட்டு உள்ளே போவார்கள். இரண்டு வருடம் இப்படியே போனது. சங்கு ஊதவில்லை. யாரும் படியில் விழவும் இல்லை.

ஆடி மாதம் அந்தக் காலையில் முத்துப்பேச்சி பச்சை என்று சொன்னாள். பெண்கள் தூரத்துக் காட்டுக்கு இலை பறிக்கப் போனார்கள். வீட்டில் இருந்தவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள். உச்சிப்பொழுதுக்கு முன் மலை இறங்கியது. பதினோரு பேர். அதில் ஒருத்தி முத்துப்பேச்சியின் மகள் கோமதி, தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்தவள். அவளைத் தோண்டி எடுக்கக்கூட முடியவில்லை.

கருவியிலிருந்து கம்பெனிக்குக் கம்பிவழி போய்ச் சேர்ந்த பதிவில் அன்று விடிந்ததிலிருந்து மஞ்சள். முத்துப்பேச்சியோ குழுவின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, பச்சைதான் எரிந்தது என்று சொன்னாள். குழுத் தலைவர் அறிக்கையில் ஒரு வரி எழுதினார்: கருவி சரியாகவே எச்சரித்தது, அறிவிப்பாளரின் கவனக்குறைவே உயிரிழப்புக்குக் காரணம். மகளைப் பறிகொடுத்தவளின் தலையில் மற்றப் பத்து உயிரையும் சேர்த்து ஏற்றுகிற வரி. வெள்ளைத் தாளில் எவ்வளவு சுத்தமாக இருந்தது தெரியுமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. மலை இறங்குகிற வழியில் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் ஜீப்பில் ஏறினேன்.

நாலாவது வளைவில் பனி ஒரு திட்டாக வந்து மூடியது. டிரைவர் ஹெட்லைட்டைத் தாழ்த்திப் போட்டார். எதிரே ஒரு பஸ் இரண்டு விளக்கையும் எரியவிட்டுக்கொண்டு வந்திருக்கிறது. அது எங்களை உரசிக்கொண்டு போகும்வரை எனக்குத் தெரியவில்லை. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ஜீப்பைத் திருப்பச் சொன்னேன். குழுவில் மற்றவர்கள் எதிர்ப்பக்கத்திலிருந்து விளக்கு தெரிகிறதா என்று பார்த்தது நல்ல வெயிலில். அதனால்தான் பனிக்காகக் காத்துக்கிடந்தேன்.

*

வந்தது ஒரு திங்கட்கிழமை. ஜன்னலைத் திறந்த சமையல்காரர் வாயெல்லாம் பல்லாக நின்றார். வெளியே வாசல் மரம்கூடத் தெரியவில்லை.

பாறைக்கு என்னைக் கூட்டிப்போனவர் பிரிட்டோ. முப்பத்தைந்து வயதிருக்கும், அதற்குள் பாதித் தலை நரைத்திருந்தது. கருவி அறையின் கதவில் இருந்த அரசாங்க முத்திரையை என் முன்னால் உடைத்தார். மலை இறங்கியபோது கரண்ட் கம்பங்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டதால் கருவி அந்த நிமிடமே நின்றுபோயிருந்தது. விசாரணைக்கு வேண்டும் என்று அதை யாரும் தொடவில்லை.

"அன்னைக்கு எப்படி நின்னுச்சோ அப்படியேதான் இருக்கு மேடம். அதுக்கப்புறம் நடந்தது எதுவும் இதுக்குத் தெரியாது," என்றார். புதிய மின்கலத்தை இணைத்துப் பொத்தானை அழுத்தினார். ஒரு சிறு முனகலோடு அது விழித்துக்கொண்டது. வெளியே விளக்கு எரிந்தது. மஞ்சள்.

நான் அதனிடமே கேட்டேன். மலை சரிந்த நாள் காலையில் கண்ணாடிகளைப் பார்த்தாயா என்று.

"பார்க்கவில்லை. மழை கடுமையாக இருந்தது. ஒளி திரும்பி வரவில்லை." பள்ளிக்கூடத்துப் புத்தகம் படிக்கிற மாதிரி ஒரு பெண் குரல்.

"பிறகு எப்படித் தூரம் சொன்னாய்?"

"இருந்திருக்க வேண்டிய தூரத்தைச் சொன்னேன். அதற்கு முன் பெய்த மழைகளில் எல்லாம் அது சரியாகவே இருந்தது."

"தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாமே."

"அந்தப் பதில் என்னிடமிருந்து நீக்கப்பட்டுவிட்டது."

பிரிட்டோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவராகவே சொன்னார்.

"நான்தான் மேடம் எடுத்தேன். அவங்க கேட்டாங்க. கேட்டது நியாயமாவும் இருந்துச்சு. அந்தப் பொண்ணு விழுந்த படியை நான் போய்ப் பார்த்துட்டு வந்துதான் எடுத்தேன்."

அவரைத் திட்ட வேண்டும் என்று பத்து நாளாக வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். அதை அப்படியே விட்டேன். வெளியே கூட்டிப்போய் விளக்குக்கு முதுகைக் காட்டி நடக்கச் சொன்னேன், நானும் கூட நடந்தேன். பானை மூடி அளவுக்குப் பெரிய விளக்கு. பக்கத்தில் நின்றால் கண் கூசியது. பாறையின் விளிம்புக்குப் போய்த் திரும்பிப் பார்த்தபோது அது அணையப்போகிற பீடி மாதிரி இருந்தது. கைப்பிடிக் கம்பியைத் தாண்டி ஒற்றையடிப் பாதையில் கொஞ்சம் இறங்கினோம். திரும்பினால் வெறும் வெள்ளை.

அவருக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடியைப் போய்த் தொட முடியாத வெளிச்சம்தான் ஊகத்தைக் கிளப்பிவிடும். ஊகம் என்று சொல்ல அவர் வைத்ததும் ஒரு வெளிச்சம். அதுவும் அதே பனியைத்தான் தாண்டிப் போக வேண்டும். மஞ்சள் எரிய வேண்டிய நாளில் மஞ்சள் யாருக்கும் தெரியாது.

"சோதிச்ச அன்னைக்கு நல்ல வெயில் மேடம்," என்றார் பிரிட்டோ. "எல்லாரும் கை தட்டினாங்க." பிறகு ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். எவ்வளவு பெரிய படிப்பும் சில நேரம் கண்ணுக்கு முன்னால் இருப்பதைக் காட்டாது. என் படிப்பும் ஒரு பஸ் உரசிய பிறகுதான் காட்டியது. அதை அவரிடம் சொன்னேன். அது ஆறுதலாக இருந்ததா என்று தெரியவில்லை.

எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தால்தான் சோதனை முழுதாகும். ஒரு வாக்கி டாக்கியை எடுத்துக்கொண்டு, இன்னொன்றை அவரிடம் கொடுத்துவிட்டு, பள்ளத்தாக்கைச் சுற்றிக்கொண்டு ஜீப்பில் போனேன். முத்துப்பேச்சிக்கு முன்னமே சொல்லி அனுப்பியிருந்தேன்.

*

மஸ்டர் எடுக்கிற களம் சரிவின் ஓரத்தில் பிழைத்துக் கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் மூன்றாம் லைன் இருந்த இடத்தில் செம்மண் காயம். பனி மூடியிருந்ததால் அது கண்ணுக்குத் தெரியவில்லை, ஈர மண்ணின் வாசனைதான் வந்தது. பிழைத்தவர்கள் எல்லாம் இப்போது மேலே பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். முத்துப்பேச்சி மட்டும் தினமும் இங்கே இறங்கி வந்து உட்கார்ந்திருப்பதாக டிரைவர் சொன்னார்.

அவள் கருப்புக் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயது இருக்கலாம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். உட்காருங்கக்கா என்றேன், உட்காரவில்லை. எப்போதும் எங்கே நின்று பார்ப்பீர்கள் என்று கேட்டேன். களத்தின் விளிம்பில் ஒரு மைல்கல் மாதிரி நட்டிருந்த கல்லைக் காட்டினாள். அதன் பக்கத்தில் போய் நின்றேன். அவளும் வந்து நின்றாள்.

பிரிட்டோவைக் கூப்பிட்டேன். விளக்கு எரிகிறதா என்றேன். எரியுது மேடம், மஞ்சள் என்றார். எதிரே வெள்ளை. பச்சைக்கு மாற்றச் சொன்னேன். மாற்றிவிட்டேன் என்றார். வெள்ளை. அணைக்கச் சொன்னேன். அணைத்துவிட்டேன் என்றார். அதே வெள்ளை. மறுபடி மஞ்சளைப் போட்டு விளக்கைக் கருவியிடமே விடச் சொல்லிவிட்டு வாக்கி டாக்கியை இறக்கினேன்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த இடத்தில் நின்றுகொண்டு சந்தோஷப்படுவது அசிங்கம் என்று தெரிந்தும் இருந்தது. அவள் பக்கம் திரும்பி, அன்றைக்கு இங்கே நின்ற யாருக்கும் எந்த நிறமும் தெரிந்திருக்காது, அது நீங்கள் பார்த்ததில் வந்த தப்பு இல்லை, விளக்கை வைத்ததில் வந்த தப்பு, அந்த வரியை அறிக்கையிலிருந்து எடுக்க வைப்பேன், எடுக்காவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று படபடவென்று சொல்லி முடித்தேன். இவ்வளவு தூரத்தில் சரியாகத் தெரியாததால் கண் மயங்கி ஏதோ பச்சையாகத் தெரிந்திருக்கும் என்றும் சேர்த்துக்கொண்டேன். நானே அவளுக்காக ஒரு ஊகம் செய்தேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

முத்துப்பேச்சி நான் பேசி முடிக்கிறவரை பொறுமையாகக் கேட்டாள்.

"எதுவும் தெரியலம்மா," என்றாள். "பச்சையும் தெரியல, மஞ்சளும் தெரியல. இதே மாதிரிதான் இருந்துச்சு."

எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டே மேலே சொன்னாள்.

"எல்லாரும் என் வாயப் பாத்துக்கிட்டு நிக்காங்க. தெரியலன்னு சொன்னா வீட்ல இருக்குற அம்புட்டுப் பேரும் படியேறணும். அவளும் ஏறணும். ஒம்பது மாசம் அவளுக்கு. வேலம்மா விழுந்த படி அது." கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டாள். "ரெண்டு வருசமா பனி வெலகுனப்பல்லாம் பச்சையாத்தான் இருந்துச்சு. அன்னைக்கும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். பச்சைன்னு சொல்லிட்டேன்."

சற்றுமுன் பாறைமேல் அந்தப் பெண் குரல் சொன்ன பதில்தான் இது. அதைச் சொன்னது இயந்திரம், கேட்டுவிட்டு வந்துவிட்டேன். இதைச் சொன்னவளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பாழும் பனி அவளை மட்டும் மறைக்காமல் என் பக்கத்திலேயே நிறுத்தி வைத்திருந்தது.

"ஏழாம் மாசம் வளகாப்புப் போட்டு நான்தான் கூட்டிட்டு வந்தேன்," என்றாள். "மாப்பிள்ள வீடு பல்லடத்துல. அங்க மலையே கெடையாது. மொதப் பிரசவம் தாய் வீட்லதான்னு நான்தான் பிடிவாதம் பிடிச்சேன். அவுங்க அம்மா, இங்கயே பாத்துக்கிடுதோம்னு எவ்வளவோ சொன்னாங்க."

நீங்கள் கெட்டது நினைத்துச் செய்யவில்லை என்றேன். அவளைப் படியில் விழாமல் காப்பாற்றத்தானே அப்படிச் சொன்னீர்கள் என்றேன். சொல்லச் சொல்ல எல்லாமே வெறும் வார்த்தைகளாக விழுந்தன. அவளும் வேண்டாம் என்பதுபோல் கையை ஆட்டினாள்.

"அந்த எஞ்சினியர் தம்பியப் பத்தி எழுதுவீங்கள்ல? அந்தப் பொட்டியப் பத்தி எழுதுவீங்கள்ல? என்னையும் எழுதுங்க. நான் பாக்காம சொன்னேன்னு எழுதுங்க. எல்லாரும் பாவம்னு என்னைய விட்டுட்டா நான் எங்க போவேன்?"

குழுத் தலைவரின் வரி இப்போது உண்மைக்குப் பக்கத்தில் போய்விட்டது. ஆனாலும் அது பொய்தான். ஒரு மலைமுழுக்க இருக்கிற மனிதர்கள் வேண்டிக் கேட்டு, ஒரு நல்ல மனிதர் இரக்கப்பட்டு, தெரியவில்லை என்ற ஒரு சொல்லை இந்த ஊரிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அவளுக்கும் அந்தச் சொல் கிடைக்கவில்லை. இதை எந்தப் பத்தியில், எந்த எண் போட்டு எழுதுவது?

அவள் எதிரே இருந்த வெள்ளையைக் கையால் காட்டினாள். பிறகு அவள் கேட்டாள், "எதுத்த வீட்டுக்காரர முழிக்க வச்சிட்டாங்களா?"

ஆமாம் என்றேன்.

"எங்க வீட்டுக் கண்ணாடிதான் மொதக் கண்ணாடி. வாசப்படிக்குப் பக்கத்துச் சொவத்துல இருந்துச்சு. எங்கிட்டு நின்னு பாத்தாலும் அதுக்குள்ள நம்ம கண்ணுதான் தெரியும். கோமதி கல்யாணத்துக்கு முந்தி சின்னப் பிள்ளையாட்டம் அதுகிட்ட ஒளிஞ்சு ஒளிஞ்சு பாப்பா. எப்படிம்மா என்னையவே பாக்குதுன்னு கேப்பா." வாக்கி டாக்கியைப் பார்த்தாள். "அதுகிட்ட எங்க வீடு எவ்வளவு தூரத்துல இருக்குன்னு கேக்கச் சொல்லுங்க."

வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. அந்தக் கருவிக்கு இன்னும் ஆடி மாதத்துக் காலைதான். அது என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். பிரிட்டோவுக்கும் தெரியும், அதனால்தான் நான் சொன்னதும், கேட்டே ஆகணுமா மேடம் என்றார். கடைசியில் வாக்கி டாக்கியைக் கருவியின் பக்கத்தில் கொண்டுபோயிருக்க வேண்டும்.

"மூன்றாம் லைன், முதல் வீடு. நானூற்றுப் பன்னிரண்டு மீட்டர், முப்பத்தொரு சென்டிமீட்டர். மாற்றம் இல்லை."

முத்துப்பேச்சி வாக்கி டாக்கியை என் கையிலிருந்து வாங்கிக் காதோரம் வைத்துக்கொண்டாள். இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்கள் என்றாள். பிரிட்டோ கேட்டார். அதே தூரம். மாற்றம் இல்லை. அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள், ஊரில் எல்லோரும் சுகமா என்று விசாரித்துப் பதில் கேட்கிறவள் மாதிரி. உலகத்தில் அந்த வீடு இன்னும் நிற்பது அந்த ஒரு கணக்கில் மட்டும்தான். சுவரும், சுவரில் கண்ணாடியும், உள்ளே வயிற்றைத் தள்ளிக்கொண்டு கோமதியும் அங்கேயே இருந்தார்கள், பனி இருக்கிறவரை.

மூன்றாவது தடவையும் கேட்டாள். அது சொல்லிக்கொண்டிருக்கும்போதே கீழேயிருந்து காற்று ஏறி வந்தது. முதலில் எங்கள் காலடியில் புல் தெரிந்தது. பிறகு களத்தின் விளிம்பு. பனி நடுவில் கிழிந்து இரண்டு பக்கமும் ஒதுங்க, செம்மண் சரிவு உச்சியிலிருந்து அடிவாரம்வரை திறந்துகொண்டது. அதற்கு நேர் எதிரே, பாறையின்மேல், விளக்கு தெரிந்தது. நாங்கள் பார்க்கப் பார்க்கவே மஞ்சள் பச்சையாக மாறியது.

"திருத்தம்," என்றது வாக்கி டாக்கி. "முதல் வீட்டுக் கண்ணாடி இல்லை. அந்தத் திசையில் நானூற்று முப்பத்தெட்டு மீட்டர் தூரத்தில் மண்."

தலைக்கு மேலே பள்ளிக்கூடக் கூரையில் சங்கு ஊத ஆரம்பித்தது. அதன் இணைப்பை எடுத்துவிட வேண்டும் என்று பிரிட்டோவுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இரண்டு வருடம் ஊதாத சங்கு முதலில் கரகரத்து, பிறகு குரல் எடுத்து மலைமுழுக்கக் கேட்டது. மேலே பள்ளிக்கூடத்து வாசலுக்கு ஆட்கள் ஓடி வந்தார்கள். ஏறிப் போக அவர்களுக்கு வேறு இடம் இல்லை, அதனால் சுவரோரம் வரிசையாக நின்று கீழே பார்த்தார்கள்.

முத்துப்பேச்சி வாக்கி டாக்கியை என்னிடம் கொடுத்தாள்.

"இப்பத்தான் பாத்திருக்கு," என்றாள்.

கம்பளியைச் சரியாகப் போட்டுக்கொண்டு படிகளைப் பார்த்து நடந்தாள். பாசி பிடித்த படி. ஒவ்வொன்றிலும் இரண்டு காலையும் வைத்து நின்று நின்று ஏறினாள். வலது கையைப் பக்கவாட்டில் கொஞ்சம் நீட்டி வைத்திருந்தாள், யாரோ ஒருத்தியின் முழங்கையைத் தாங்கிக் கூட்டிக்கொண்டு போகிறவள் போல. பாதிப் படியில் நின்று, மூச்சு வாங்குகிறவளுக்காகக் காத்திருக்கிற அளவு நேரம் காத்திருந்துவிட்டு, மறுபடி ஏறினாள்.

வாக்கி டாக்கியில் பிரிட்டோவின் குரல் வந்தது. சங்கை நிறுத்திவிடட்டுமா மேடம் என்று கேட்டார்.

"அவங்க ஏறி முடிக்கட்டும்," என்றேன்.